மேட்டூர் நிரம்பும்போது யாருக்குத் தூக்கம் போகிறது?

ஜூன் பிறந்துவிட்டால் டெல்டாப் பக்கத்து டீக்கடைகளில் செய்தித்தாளைக் கையில் எடுப்பவர் தலைப்புச் செய்திக்குப் போகமாட்டார். உள்ளே எங்கோ மூலையில் வரும் சின்னப் பெட்டியைத் தேடுவார். மேட்டூர் அணை நிலவரம்: நீர்மட்டம் இத்தனை அடி, இருப்பு இத்தனை டிஎம்சி, வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி. காலை எட்டு மணிக் கணக்கு. நாற்றங்கால் விடலாமா, இன்னும் பத்து நாள் பொறுக்கலாமா என்று கும்பகோணத்தில் ஒருவர் முடிவெடுக்க அந்த நான்கு எண்கள் போதும்.

அதே எண்களை மேட்டூரில் அணையைப் பார்த்துக்கொள்பவர் வேறு மாதிரி வாசிக்கிறார். விவசாயி பார்ப்பது எவ்வளவு இருக்கிறது என்று. அவர் பார்ப்பது இன்னும் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று. பாசனத்துக்கும் குடிநீருக்கும் மின்சாரத்துக்கும் அணை நிரம்ப வேண்டும். வெள்ளத்தைத் தாங்க அதில் காலி இடம் வேண்டும். ஒரே பாத்திரத்தை நிரப்பியும் வைக்க வேண்டும், காலியாகவும் வைக்க வேண்டும் என்றால் எப்படி? அணைப் பாதுகாப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த இழுபறிதான். சுவரில் விரிசல் விழுகிறதா என்பது அதில் ஒரு பகுதி மட்டுமே.

முதலில் 120 அடி என்ற கணக்கைச் சரிசெய்துகொள்வோம். மேட்டூர் அணையின் உயரம் 120 அடி என்று பலர் நினைக்கிறார்கள். அஸ்திவாரத்திலிருந்து அளந்தால் அது 214 அடி. கடல் மட்டத்திலிருந்து 670 அடி உயரத்தைச் சுழி என்று வைத்து, அங்கிருந்து 790 அடி வரை எண்ணுவதுதான் நம் 120. அது தண்ணீரின் அளவுகோல், சுவரின் அளவு கிடையாது. அந்த 120 அடி நிரம்பினால் கொள்ளளவு 93.47 டிஎம்சி. ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், எல்லா அடியும் ஒரே அடி அல்ல. நீர்த்தேக்கம் மேலே போகப் போக விரிகிறது. அதனால் 100 அடியிலிருந்து 120 அடி வரையுள்ள மேல் 20 அடியில் மட்டும் மொத்தத் தண்ணீரில் ஏறக்குறைய முப்பது சதவீதம் இருக்கிறது. 110க்கும் 120க்கும் நடுவே சுமார் 15 டிஎம்சி. இதை வெள்ளக் கணக்கில் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு ஒரு லட்சம் கன அடி தண்ணீர் ஒரு நாள் முழுக்க வந்தால் 8.64 டிஎம்சி. அதாவது 110 அடியில் நிற்கும் மேட்டூர், ஒரு சொட்டும் வெளியே விடாமல் இருந்தால் இரண்டு நாள்கூடத் தாங்காது. ‘இன்னும் பத்து அடி இருக்கிறதே’ என்று செய்தி படிப்பவர் நிம்மதியாக இருக்கும்போது அணையில் இருப்பவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்திருப்பார்.

எதற்காகக் கட்டினார்கள்

மேட்டூருக்கு முன்பும் டெல்டாவில் நெல் விளைந்தது. கரிகாலன் பெயரால் அறியப்படும் கல்லணையும், 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கட்டிய மேலணையும் இருந்தன. ஆனால் அவை ஆற்றைத் திருப்பிவிடுபவை, தேக்கி வைப்பவை அல்ல. ஆறு வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. 1924 பிப்ரவரியில் சென்னை மாகாணமும் மைசூரும் காவிரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு தேக்கிவைக்கும் அணைக்கு வழி பிறந்தது. அதே ஆண்டு ஜூலையில் காவிரி தன் வரலாற்றிலேயே பெரிய வெள்ளங்களில் ஒன்றைக் காட்டிவிட்டுப் போனது. 1925இல் வேலை தொடங்கி, 1934 ஆகஸ்ட் 21 அன்று அணை திறக்கப்பட்டது. அப்போதைய கவர்னர் பெயரால்தான் ஸ்டான்லி நீர்த்தேக்கம்.

மழை பெய்யும் இடமும் மாதமும் வேறு, பயிர் தண்ணீர் கேட்கும் இடமும் மாதமும் வேறு. குடகில் தென்மேற்குப் பருவமழை கொட்டுவது ஜூன் கடைசி, ஜூலை. குறுவைக்குத் தண்ணீர் வேண்டியது ஜூன் நடுவில். அதனால்தான் மேட்டூரைத் திறக்க ஜூன் 12 என்ற தேதி. போன வருடத்துத் தண்ணீரில் மிச்சம் வைத்திருந்தால்தான் இந்த வருடம் ஜூன் 12இல் திறக்க முடியும். 2020இல் எட்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு அந்தத் தேதியில் திறந்தார்கள், 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 வரை காத்திருந்தார்கள். திறந்த தண்ணீர் கல்லணைக்குப் போய்ச் சேர மூன்று நான்கு நாள். வினாடிக்கு 12,000 கன அடி திறந்தால் நாளொன்றுக்கு ஒரு டிஎம்சிக்குக் கொஞ்சம் மேல் குறையும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பாசனத்துக்குப் போகும் அந்தத் தண்ணீர் போகிற போக்கில் அணை மின் நிலையத்தையும் சுரங்க மின் நிலையத்தையும் சுழற்றிவிட்டுப் போகிறது. இரண்டும் சேர்த்து 250 மெகாவாட். கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்கள் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்குப் பாய்கின்றன. குடிநீர்த் திட்டங்கள் வேறு. இத்தனை பேர் கைநீட்டி நிற்கும் பாத்திரத்தில் ‘வெள்ளத்துக்காகக் கொஞ்சம் காலி இடம்’ என்று கேட்பவருக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதிலும் இது காவிரி. தமிழக எல்லையில் தண்ணீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் வரும் ஒவ்வொரு டிஎம்சிக்கும் பல பத்தாண்டு வழக்கு நடந்திருக்கிறது. 2018 பிப்ரவரித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்று நிர்ணயித்தது. அப்படிக் கணக்குப் பார்த்து வாங்கிய தண்ணீரை ‘வெள்ளம் வரலாம்’ என்று முன்கூட்டியே ஆற்றில் விட்டு, பிறகு வெள்ளம் வராமல் போனால்? அந்தப் பொறியாளரை டெல்டாவும் மன்னிக்காது, சட்டமன்றமும் மன்னிக்காது.

சுவருக்குள் நடப்பது

சரி, சுவரைப் பார்ப்போம். மேட்டூர் போன்ற அணைகள் தம் எடையால் மட்டுமே நிற்பவை. தண்ணீர் பக்கவாட்டில் தள்ளுகிறது. அணை தன் பாரத்தால் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் தண்ணீர் பக்கவாட்டில் மட்டும் தள்ளுவதில்லை. அடிப்பாறையின் இடுக்குகளில் நுழைந்து கீழிருந்து மேலாகவும் தூக்கும். தூக்கினால் அணையின் எடை குறைந்த மாதிரி ஆகிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொறியாளர்கள் இந்த மேல்நோக்கிய அழுத்தத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. பிரான்சில் பூசே என்ற அணை 1895 ஏப்ரலில் உடைந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான் இதன் கனம் உலகத்துக்கு உறைத்தது. அதே 1895இல், அக்டோபர் மாதம் நம் முல்லைப் பெரியாறு திறக்கப்பட்டது. பென்னிகுயிக்கைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை, அன்றைய அறிவு அவ்வளவுதான். பிற்பாடு அங்கே உச்சியில் கான்கிரீட் தொப்பி போட்டதும், மேலிருந்து அடிப்பாறை வரை துளையிட்டு எஃகுக் கம்பிகளை இறக்கி இழுத்துக் கட்டியதும், கீழ்ப்புறத்தில் கான்கிரீட் தாங்கல் சேர்த்ததும் இந்தக் கணக்கைச் சரிக்கட்டத்தான். 2014இல் 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது பேச்சில் இருந்ததும் அந்தப் பலப்படுத்தும் வேலைகள்தான்.

பெரிய அணைகளின் வயிற்றுக்குள் ஒரு நடைபாதை போகும். கேலரி என்பார்கள். ஒரு ஆள் நிமிர்ந்து நடக்கலாம், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே கத்திரி வெயில் அடித்தாலும் உள்ளே சில்லென்று இருக்கும். காலடியில் சிறு வாய்க்கால் ஓடும். சுவரில் அங்கங்கே வெள்ளையாகச் சுண்ணாம்பு வழிந்து கெட்டியாகி இருக்கும். கட்டுமானத்துக்குள் இருக்கும் சுண்ணாம்பைக் கசிவுநீர் கரைத்துக்கொண்டு வருவதன் அடையாளம் அது. முதல் முறை பார்ப்பவர் ‘அணை ஒழுகுகிறதே’ என்று பதறுவார். எல்லா அணையும் ஒழுகும். அடியில் போட்ட துளைகள் வழியாகத் தண்ணீர் வெளியேறினால்தான் தூக்கும் அழுத்தம் குறையும். பயப்பட வேண்டியது வேறு இரண்டுக்கு. ஒன்று, நேற்று வரை வந்த அளவு திடீரென்று கூடுவது. இன்னொன்று, அதே மட்டத்தில் கசிவு திடீரென்று நின்றுபோவது. துளை அடைத்துக்கொண்டால் அழுத்தம் உள்ளேயே ஏறும்.

அளக்கும் முறை ரொம்ப எளிமையானது. வாய்க்காலின் குறுக்கே ஆங்கில வி எழுத்துபோல் வெட்டிய தகடு. அந்த வெட்டின் வழியாக எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் வழிகிறது என்று பார்த்தால் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று தெரிந்துவிடும். சில இடங்களில் வாளியும் கடிகாரமும் போதும். மண் அணையாக இருந்தால் அளவோடு நிறத்தையும் பார்ப்பார்கள். தெளிந்த நீர் வந்தால் பரவாயில்லை, கலங்கல் வந்தால் அணை உள்ளே கரைகிறது. இந்த எண்களை நோட்டில் எழுதிவைக்கும் கடைநிலை ஊழியர்தான் அணையின் நாடி பிடிப்பவர். அவர் வராத நாளில் ‘நேற்றைய அளவே’ என்று இன்னொருவர் எழுதி நிரப்பினால், அணையில் எந்தக் கருவி இருந்தும் பயனில்லை.

சங்கிலி அறுந்தால்

சுவர் உடைந்த கதைகள் நம் பக்கம் குறைவு. ஷட்டர் போன கதைகள்தான் அதிகம். 2022 செப்டம்பர் 20ஆம் தேதி இரவு பரம்பிக்குளத்தில் மூன்று ஷட்டர்களில் நடுவில் இருந்தது போனது. எதிர் எடையைத் தாங்கிய சங்கிலி அறுந்துவிட்டது. மட்டம் ஷட்டரின் அடி வரை இறங்கும்வரை தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது, யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டே வருடம் கழித்து, 2024 ஆகஸ்ட் 10 இரவு, துங்கபத்ராவில் 33 கேட்களில் 19ஆவது கேட் சங்கிலி அறுந்து ஆற்றோடு போனது. மற்றக் கேட்களையும் திறந்துவிட்டுச் சுவரின் மேல் உள்ள பாரத்தைக் குறைத்தார்கள். கன்னையா நாயுடு என்ற ஓய்வுபெற்ற பொறியாளரை அழைத்து, ஓடும் தண்ணீரிலேயே தடுப்புப் பலகைகளை ஒவ்வொன்றாக இறக்கி ஒரு வாரத்துக்குள் அடைத்தார்கள். தகவல் வந்ததும் நாடே கைதட்டியது, கைதட்ட வேண்டிய வேலைதான். ஆனால் எழுபது வருடம் பழைய சங்கிலியில் எந்தக் கண்ணி எவ்வளவு தேய்ந்திருந்தது என்று கோடையில் பார்க்கும் வேலைக்கு யாரும் கைதட்டுவதில்லை.

முக்கொம்பு இன்னும் விசித்திரம். 2018 ஆகஸ்டில் மேட்டூருக்கு 2 லட்சம் கன அடியை ஒட்டித் தண்ணீர் வந்து, அப்படியே கீழே விடப்பட்டது. அந்த உச்சத்தைக் கொள்ளிடம் மேலணை தாங்கிவிட்டது. வெள்ளம் வடியத் தொடங்கிய பிறகு, 22ஆம் தேதி இரவு, 45 மதகுக் கண்களில் ஒன்பது இடிந்து ஷட்டரோடு போயின. பெரும்பாரம் இருக்கும்போது நின்ற பழைய கட்டுமானம் பாரம் இறங்கும்போது விழுவது உலகத்தில் புதிதில்லை. வெள்ளம் அடிமணலை அரித்துவிட்டுப் போயிருக்கும், அதன் விலை பின்னால் தெரியும். அதனால்தான் பருவமழைக்கு முன்பு ஒருமுறை பார்த்தால் போதாது, மழை முடிந்த பிறகும் பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அங்கே இப்போது புதிய கதவணை நிற்கிறது.

மேட்டூரில் உபரிநீர் போகும் வழி பிரதான அணையின் மேல் இல்லை. இடதுபுறம் தனியாக, எல்லிஸ் பெயரால் அமைந்த உபரிநீர்ப் போக்கி. ஊர்க்காரர்களுக்கு அது 16 கண் பாலம். ஒவ்வொரு கண்ணும் 60 அடி அகலம், ஷட்டர் 20 அடி உயரம். நீர்மட்டம் 100 அடியைத் தாண்டிய பிறகுதான் தண்ணீர் இந்த ஷட்டர்களைத் தொடும். பெருவெள்ளத்தின் அடி பிரதான அணையின் பாதத்தில் விழாமல் ஒதுக்கிவிட்டது நல்ல யோசனை. ஆனால் இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. 16 கண்ணில் வருடக்கணக்கில் தண்ணீர் வராது. கீழே பாறையும் புதருமாகக் கிடக்கும் உபரிநீர்ப் பாதையை ஆறு என்றே யாருக்கும் தோன்றாது. ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். திறக்கும் அன்றைக்குத் தங்கமாபுரிபட்டணம் பக்கம் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஜீப் சுற்ற வேண்டியிருக்கிறது. ஷட்டரைத் தூக்கும் முன் அபாயச் சங்கு ஊத வேண்டும், பாதையில் யாரும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

எப்போது திறப்பது

மின் நிலையங்கள் வழியாக விடக்கூடியது 22,500 கன அடி அளவுதான். அதற்கு மேல் வந்தால் 16 கண். எப்போது, எவ்வளவு என்பதுதான் கேள்வி. சீக்கிரம் திறந்தால் சிறிது சிறிதாகப் போகும், கரையோரத்தில் இருப்பவர்களுக்கு நேரம் கிடைக்கும். கடைசி வரை பிடித்துவைத்தால் வருவதை அப்படியே விட வேண்டிய கட்டாயம் வந்துவிடும். அப்போது அணை இருந்தும் இல்லாததுபோல்தான்.

குஜராத்தில் மச்சு ஆற்றின் இரண்டாவது அணைக்கு அதுவும் வாய்க்கவில்லை. 1979 ஆகஸ்ட் 11 அன்று, எந்த அளவு வெள்ளத்துக்குக் கட்டினார்களோ அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் வந்தது. தண்ணீர் மண்கரைகளின் மேலேறி வழிந்து கரையைத் தின்றது. கீழே மோர்பி நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். கல் சுவர் ஓரளவு வழிந்தாலும் நிற்கும். மண் கரை நிற்காது. நாட்டில் பல பழைய அணைகளின் வெள்ளக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்து, கூடுதல் உபரிநீர் வழிகள் வெட்டியதற்குப் பின்னால் மோர்பியின் பயம் இருக்கிறது.

சென்னைக்காரர்களுக்கு உதாரணம் தேவையில்லை. செம்பரம்பாக்கம் அணை அல்ல, ஏரி. ஆனால் சிக்கல் அதேதான். நகரத்துக்குக் குடிநீர் வேண்டும் என்று நிரப்பி வைத்த ஏரியில் 2015 டிசம்பர் தொடக்கத்தில் பெருமழை விழுந்தது. வினாடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் போனது. பின்னர் தணிக்கைத் துறை அறிக்கை அந்த வெள்ளத்தை மனிதர்களால் வந்த பேரிடர் என்றே வகைப்படுத்தியது. 2024 டிசம்பர் 2 அதிகாலை, ஃபெஞ்சல் புயல் மழையில், சாத்தனூரிலிருந்து 1.68 லட்சம் கன அடி தென்பெண்ணையில் விடப்பட்டது. எச்சரிக்கை கொடுத்தோம் என்றது அரசு, போதாது என்றார்கள் எதிர்க்கட்சியினர். என்னைக் கேட்டால் எச்சரிக்கை வந்ததா என்பதோடு, நள்ளிரவில் வந்த குறுஞ்செய்தியில் ‘1.68 லட்சம் கன அடி’ என்று படித்தவருக்கு அது தன் வீட்டு வாசல்படி வரையா, ஜன்னல் வரையா என்று தெரிந்ததா என்றும் கேட்க வேண்டும். கன அடி என்பது அணைக்காரர்களின் மொழி. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் கரையோரத் தெருக்காரர்கள் அனுபவத்தில் இதை மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள், ஒரு லட்சத்தைத் தாண்டினால் பாத்திரம் பண்டத்தைக் கட்ட வேண்டும் என்று. எல்லா ஊருக்கும் அந்த அனுபவம் இருக்காது.

மேட்டூருக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. வெள்ளம் சொல்லிக்கொண்டு வரும். கபினி, கிருஷ்ணராஜ சாகர் இரண்டும் நிரம்பி அங்கே திறந்த பிறகு பிலிகுண்டுலு, ஒகேனக்கல் வழியாக வந்து சேர்வதற்குள் யோசிக்க நேரம் கிடைக்கும். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டத் தடை என்று செய்தி வந்தால் மேட்டூரில் ஷட்டர் மோட்டாரை ஓட்டிப் பார்த்துவிடுவார்கள். ஆனால் மேலே அணைகள் காலியாக இருக்கும் வருடத்தில் நமக்கு ஒன்றும் வராது, அவை நிரம்பிய வருடத்தில் எல்லாம் ஒரே வாரத்தில் வரும். 2024 ஜூலை கடைசியில் அப்படித்தான் ஆனது. ஜூன் 12இல் திறக்கத் தண்ணீர் இல்லாத அணை ஜூலை 30இல் 120 அடி. அடுத்த வருடம் இன்னும் முன்பாக, ஜூன் 29ஆம் தேதியே நிரம்பியது. 1934லிருந்து எண்ணினால் அது 44ஆவது முறை.

2021 டிசம்பர் முதல் அணைப் பாதுகாப்புச் சட்டம் அமலில் இருக்கிறது. 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளை மழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்ய வேண்டும், அவசரகாலச் செயல்திட்டம் இருக்க வேண்டும், அணை உடைந்தால் எந்த ஊருக்கு எத்தனை மணி நேரத்தில் தண்ணீர் வரும் என்ற வரைபடம் வேண்டும் என்கிறது. தமிழகம் இதை எதிர்த்ததற்குக் காரணம் பாதுகாப்பு அல்ல. முல்லைப் பெரியாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் என நாம் பராமரிக்கும் நான்கு அணைகள் கேரள எல்லைக்குள் இருக்கின்றன, அந்த உரிமை போய்விடுமோ என்ற பயம். பயம் நியாயமானது. ஆனால் அந்த வரைபடம் பவானியிலும் முக்கொம்பிலும் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறதா என்று கேட்க மாநில உரிமை எதுவும் தடையில்லை.

வண்டலும் ஒரு விஷயம். தொண்ணூறு வருடமாக ஆறு கொண்டுவந்து கொட்டிய மண், தண்ணீருக்கான இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அணை கட்டி 83 வருடம் கழித்து, 2017இல்தான் முதன்முறையாக விவசாயிகள் வண்டல் அள்ள வழிசெய்தார்கள். மட்டம் கீழே போகும் வருடங்களில் பண்ணவாடியில் மூழ்கிய தேவாலயத்தின் கோபுரமும் பழைய கோயிலின் நந்தியும் தலைகாட்டும். பார்க்கக் கூட்டம் போகும். அவற்றைச் சுற்றி வெடித்துக் கிடக்கும் தரை முழுக்க அந்த வண்டல்தான்.

வரத்து குறைந்து 16 கண் மதகு மூடப்படும் நாளில் மேட்டூர்க்காரர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. உபரிநீர்ப் பாதையின் பாறைக்குழிகளில் தண்ணீரோடு மீனும் தங்கிவிடும். கூடை, வலை, வேட்டி என்று கையில் கிடைத்ததோடு இறங்கிவிடுவார்கள். மேலே ஷட்டர் பக்கத்தில் மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்களான லஸ்கர்கள் ரப்பர் சீல் எங்காவது பிய்ந்திருக்கிறதா, எந்தக் கண்ணில் இன்னும் தண்ணீர் பீச்சுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். ஏழாவது கண்ணில் இடதுபக்கம் கசிவு என்று எழுதிக்கொண்டால், அதைச் சரிசெய்ய மட்டம் 100க்குக் கீழே இறங்கும்வரை காத்திருக்க வேண்டும்.